கலர் பென்சிலில் நிலைப்பொருள் ஓவியம்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வகுப்புகளிலும் கண்காட்சிகளிலும் வட்ஸ்அப்பிலும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. பழம், பூ, செம்பு, விளக்கு போன்றவற்றை மேசையில் அடுக்கி வைத்து வரையும் 'ஸ்டில் லைஃப்' வேலையைப் பற்றி மட்டுமே இதில் பேசுகிறோம். உருவப்படம் வேறு கதை.

1. கலர் பென்சில் சின்னப்பிள்ளையளின்ர சாமான்தானே? இதை வச்சுத் தொழில் செய்யலாமோ?

பிள்ளைகளின் பென்சிலில் நிறமி குறைவு, களிமண் நிரப்பு அதிகம். ஓவியர்களுக்கான பென்சிலில் எண்ணெய் வர்ணத்தில் சேர்க்கும் அதே வகை நிறமிகளை மெழுகிலோ எண்ணெயிலோ பிணைத்திருப்பார்கள். அமெரிக்காவில் 1990இல் தொடங்கிய கலர் பென்சில் ஓவியர் சங்கம் இந்த ஊடகத்துக்கென்றே சர்வதேசக் கண்காட்சி நடத்துகிறது.

தொழில் என்றால், கொழும்பில் படம் விற்று மட்டும் மாதச் செலவைப் பார்ப்பது கடினம். ஓடர் வேலை, விற்பனை, வகுப்பு ஆகிய மூன்றையும் சேர்த்தால் ஓடும். வேலை நேரத்தில் பாதிதான் பென்சில் கையில் இருக்கும். பொருள் அடுக்குவது, படம் எடுப்பது, பிரேம் கடைக்கு அலைவது, பொதி கட்டுவது, செய்திகளுக்குப் பதில் எழுதுவது என்று மற்றப் பாதி போய்விடும்.

2. ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்?

முழுத்தாளும் நிரம்பிய ஏ4 படத்துக்கு 30 முதல் 60 மணித்தியாலம். ஏ3 அதன் இரட்டைப் பரப்பு, நேரமும் ஏறக்குறைய இரட்டிப்பு. ஒவ்வொரு பூச்சும் மெல்லியது. ஓர் இடம் நிறைய எட்டுப் பத்துப் பூச்சுத் தேவை. நாளுக்கு நாலைந்து மணிக்கு மேல் கவனம் நிற்காது. ஆகவே ஏ4 என்றால் இரண்டு வாரம் என்று கணக்கு வையுங்கள். கீழே வரும் பதில்களில் பாதி இந்த மந்த வேகத்தால் வருபவை.

3. எந்தப் பென்சில் வாங்கிறது? 120 கலர்ப் பெட்டி கட்டாயமோ?

கட்டாயமில்லை. 24 அல்லது 36 நிறப் பெட்டியும் தனியாக வாங்கும் பத்துப் பதினைந்து பென்சிலும் போதும். தனிப் பென்சில் கிடைக்கும் வகையையே தேர்ந்தெடுங்கள். தந்த வெள்ளை, மங்கல் மஞ்சள், கடும் கபிலம் எல்லாம் சீக்கிரம் தேயும். இளஞ்சிவப்பு வருடக்கணக்கில் கிடக்கும்.

எண்ணெய்ப் பிணைப்பு உள்ள ஃபேபர்-காஸ்டெல் பொலிக்ரோமோஸ், டெர்வென்ட் லைட்ஃபாஸ்ட் ஆகியவை கூர் நிற்கும், பூச்சு பூச்சாக ஏற்ற வசதி. மெழுகுப் பிணைப்பு உள்ள பிரிஸ்மாகலர் பிரீமியர், கரண்டாஷ் லூமினன்ஸ் ஆகியவை மிருது, இருளின் மேல் வெளிச்சம் ஏறும். கொழும்பின் சூட்டில் மெழுகு வகை இன்னும் இளகும். அதனால் அடிப்பகுதியை எண்ணெய் வகையில் கட்டி, முடிக்கும் இடத்தில் மட்டும் மெழுகு வகையைத் தொடுவது எங்கள் சிபாரிசு. புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கும் பெரிய பெட்டிகளைப் பயிற்சிக்கு வாங்கலாம், விற்பனைக்கு வேண்டாம். ஏன் என்பது 20ஆவது பதிலில்.

4. பேப்பர் எது? சித்திரக் கொப்பியில செய்யேலாதோ?

செய்யலாம், நாலாவது பூச்சில் நின்றுவிடும். கடதாசியின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய பள்ளங்கள்தான் நிறத்தைப் பிடிக்கின்றன. அவை நிறைந்த பிறகு பென்சில் வழுக்கும். விற்பனைக்கு என்றால் 300 ஜி.எஸ்.எம், 100% பருத்தி, அமிலமற்ற, சூடாக அழுத்திய நீர்வர்ணக் கடதாசி. அதன் மேற்பரப்பு மழமழப்பாக இருந்தாலும் பத்துப் பூச்சுத் தாங்கும். குளிராக அழுத்தியது வேண்டாம். குழிகள் பெரிது, வெள்ளைப் புள்ளிகள் கடைசிவரை போகாது. பிரிஸ்டல் அட்டை நுணுக்க வேலைக்கு நல்லது, ஆனால் பூச்சு குறைவாகவே ஏறும்.

5. ரம்புட்டான் வரைய ஆசை, ரெண்டு நாளில முடியெல்லாம் கறுத்துப் போகுதே. என்ன செய்யிறது?

படம் இரண்டு வாரம், பழம் இரண்டு நாள். ஆகவே முதல் நாளே பழத்திடமிருந்து எல்லாவற்றையும் வாங்கிவிட வேண்டும். ஒரு கிலோ வாங்கி, காம்போடும் இலையோடும் உள்ள ஐந்தாறைப் பிரியுங்கள். ஒன்றைப் பாதி உரித்து, வெள்ளைச் சதை தெரிய வையுங்கள். அடுக்கி, விளக்குப் போட்டு, படம் எடுங்கள்: முழு அடுக்கு, ஒவ்வொரு பழமும் கிட்ட, நிழல் மட்டும் தனியே.

அடுத்தது பலர் செய்யாமல் விடும் வேலை. வரையப்போகும் அதே கடதாசியில் ஒரு துண்டு வெட்டி, பழத்தின் பக்கத்தில் பிடித்து, நிறங்களைப் பூசிப் பொருத்துங்கள். தோலின் வெளிச்சப் பக்கம், நிழல் பக்கம், முடியின் அடி, முடியின் நுனி, சதை என ஐந்து கட்டம். ஒவ்வொன்றின் கீழும் பென்சில் இலக்கத்தை எழுதுங்கள். கைபேசி சிவப்பை எப்போதும் மிகைப்படுத்தும். மூன்றாம் நாளில் பழம் கபிலமான பிறகு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தத் துண்டுதான்.

பழத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் மூடிய டப்பாவில் வைத்தால் சில நாள் கூடக் கிடைக்கும். வெளியே எடுத்தவுடன் வரைய உட்காராதீர்கள்; தோலில் நீர் பனித்து, இல்லாத மினுக்கம் தெரியும். அரைமணி பொறுங்கள். அவசரமில்லாத பொருட்களும் நிறைய உண்டு: பாக்கு, செத்தல் மிளகாய், பித்தளை, மண்சட்டி, பழைய சுண்டுப் பேணி. செவ்விளநீர் பல நாள் நிறம் மாறாமல் நிற்கும். தொடக்கத்துக்கு அதைவிட நல்ல பொருள் கொழும்பில் இல்லை.

6. போட்டோ பார்த்து வரைஞ்சால் அது களவுதானே?

நீங்கள் அடுக்கி நீங்கள் எடுத்த படம் உங்களுடையது. இணையத்தில் கிடைத்த படத்தைப் பார்த்து வரைந்து விற்பதுதான் பிரச்சினை. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் புகைப்படத்துக்கும் பதிப்புரிமை உண்டு, பொதுவாக ஆக்கியவரின் ஆயுளுடன் மேலும் 70 ஆண்டுகள். 'நிறத்தை மாத்திட்டன்' என்பது பதிலாகாது.

கைபேசியைக் கிட்டக் கொண்டுபோய் எடுத்தால் முன்னால் உள்ள பழம் ஊதிப் பெருக்கும், செம்பின் வாய் நீள்வட்டம் கோணும். ஒன்றரை மீற்றர் தள்ளி நின்று, இரண்டு மடங்கு கிட்டாக்கி எடுங்கள். நிழலுக்கென்று வெளிச்சம் கூட்டி இன்னொரு படமும் எடுங்கள். ஒரே படத்தில் நிழல் கரியாகி, உள்ளே இருக்கும் நிறம் தொலைந்துவிடும்.

7. வடக்கு யன்னல் வெளிச்சம்தான் நல்லதெண்டு யூடியூபில சொல்லுறாங்கள். எங்கட வீட்டு யன்னல் வடக்குத்தான், ஆனா வெயில் அடிக்குதே?

அவர்கள் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி. ஐரோப்பாவில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்து நிற்பதால் வடக்கு யன்னலில் பெரும்பாலும் ஒரே சீரான வெளிச்சம். கொழும்போ வட அகலாங்கு 7 பாகைக்குச் சற்றுக் குறைவில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, பிறகு வடக்கே போய், செப்டெம்பர் முதல் வாரத்தில்தான் திரும்பி வருகிறது. அந்த ஐந்து மாதமும் வடக்கு யன்னலில்தான் வெயில். மிச்ச மாதங்களில் வடக்கு நல்லது.

இரண்டு வாரம் ஒரே நிழலைப் பார்த்து வரைய வேண்டிய வேலைக்கு யன்னலை நம்பாதீர்கள். திரையைப் போட்டு ஒரு எல்.ஈ.டி விளக்கு வையுங்கள்: 5000 கெல்வின், சி.ஆர்.ஐ (நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்ற அளவு) 90க்கு மேல். பெட்டியில் சி.ஆர்.ஐ அச்சிட்டிருக்காவிட்டால் வாங்க வேண்டாம். சி.ஆர்.ஐ குறைந்த விளக்கில் சிவப்புச் செத்துவிடும். இடப்பக்கம், பொருளுக்கு 45 பாகை மேலே, ஒரே ஒரு விளக்கு. இரண்டாவது வந்தால் ஒவ்வொரு பழத்துக்கும் இரண்டு நிழல் விழும். பெரிய அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி, உள்ளே கறுப்புத் தாள் ஒட்டி, பொருளை அதற்குள் வைத்தால் அறையின் மற்ற வெளிச்சம் குழப்பாது. வரையும் தாளுக்கு அதே வகை விளக்கு தனியாக வேண்டும்.

8. பித்தளைச் செம்பு கீறினால் மினுங்குதில்லை. தங்கக் கலர்ப் பென்சில் வாங்கவோ?

வாங்காதீர்கள். உலோக நிறப் பென்சில் படத்தில் சாம்பலாகத்தான் தெரியும். பித்தளையின் மினுக்கம் நிறத்தில் இல்லை, மிகக் கடும் இருளும் வெறும் வெள்ளையும் பக்கத்துப் பக்கமாகக் கூர்மையான விளிம்போடு நிற்பதில் இருக்கிறது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் அந்த வடிவங்கள் தெரியும். வரைபடம் போல அவற்றின் எல்லையைத் தாளில் மெல்லிய மஞ்சட்காவியால் குறியுங்கள். காரீயப் பென்சில் கோடு மஞ்சளோடு கலந்து அழுக்காகும்.

பொலிக்ரோமோஸ் இலக்கங்களில் சொன்னால்: வெளிச்சப் புள்ளிகளைத் தொடாமல் வெறும் தாளாக விடுங்கள். அவற்றைச் சுற்றி 102 (கிறீம்). புள்ளிகள் தவிர எல்லா இடமும் 183 (இள மஞ்சட்காவி), பென்சிலின் பாரத்தை மட்டும் விட்டு, சின்னச் சின்ன வட்டமாக இரண்டு பூச்சு. நடுத்தர நிழலுக்கு 180 (ரோ அம்பர்), சூடான இடத்துக்கு 187 (பேர்ன்ட் ஓக்கர்). கடும் இருளுக்கு 175உம் (டார்க் செப்பியா) 157உம் (டார்க் இண்டிகோ) மாறி மாறி. கறுப்பை மட்டும் போட்டால் ஓட்டை விழுந்தது போல் ஆகும். பிறகு செம்பின் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதன் நிறத்தை வயிற்றில் ஏற்றுங்கள்: சிவப்புத் துணி, பச்சை வெற்றிலை, விளக்கின் வெளிர்நீலம். செம்பைத் துணியோடு சேர்த்து ஒட்டுவது இந்தப் பிரதிபலிப்புத்தான்.

வேலை கெடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: இருளுக்குப் பயந்து எல்லாவற்றையும் மஞ்சட்காவியிலேயே நிறுத்துவது. 175 முழு இருளை எட்டும்வரை 'மினுங்குதில்லை' என்று முடிவு கட்டாதீர்கள்.

9. வெளிச்சப் புள்ளியை விட மறந்திட்டன். மேல வெள்ளைப் பென்சில் போட்டால் வருதில்லை.

நிறைந்த பூச்சின் மேல் வெள்ளை போட்டால் இளஞ்சாம்பல்தான் வரும். முதலில் ப்ளூ டெக்கை (சுவரில் தாள் ஒட்டும் பசைக்களி) உருட்டி, அழுத்தி, நேரே மேலே தூக்குங்கள், தேய்க்கக் கூடாது. நாலைந்து முறை செய்தால் மேல்பூச்சு கழன்று வரும், பிறகு லூமினன்ஸ் வெள்ளை ஓரளவு பிடிக்கும். ஊசிமுனைப் புள்ளிக்கு வெள்ளை ஜெல் பேனை, ஆனால் முழுவதும் கலர் பென்சில் மட்டுமே ஏற்கும் கண்காட்சிக்கு அது ஆகாது.

ரம்புட்டான் முடி, கயிற்றுத் தும்பு போன்ற மெல்லிய வெளிறிய கோடுகளுக்கு முன்கூட்டியே வழி உண்டு. மை தீர்ந்த பேனை முனையால் தாளில் பள்ளக் கோடு போட்டுவிட்டு மேலே நிறம் பூசினால், பென்சில் பள்ளத்தைத் தாண்டிப் போகும், கோடு வெளிறி நிற்கும். பள்ளத்தைத் திரும்ப நிரவ முடியாது. முதலில் துண்டுத் தாளில் பழகுங்கள்.

10. முடிச்ச படத்தில வெள்ளையாப் புகை மாதிரிப் படியுது. பூஞ்சணமோ?

படத்தின் வெற்று ஓரத்தைப் பாருங்கள். புகை கடும் நிறம் பூசிய இடத்தில் மட்டும், சீராகப் படிந்திருந்தால் அது மெழுகு மேலே கசிந்தது. மெழுகுப் பென்சிலை அழுத்திப் பூசிய இடத்தில் ஒன்றிரண்டு வாரத்தில் வரும். மிருதுவான பருத்தித் துணியால் இலேசாகத் துடைத்தால் போய்விடும். திரும்ப வராமல் இருக்க ஃபிக்ஸட்டிவ் (நிறத்தைப் பிடித்து வைக்கும் தெளிப்பு) மூன்று மெல்லிய தடவை, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பின். மழை நாளில் அடிக்காதீர்கள். ஈரக் காற்றில் ஃபிக்ஸட்டிவே வெண்மையாகும். வெயில் ஏறிய காலை நேரம், வெளியே, 30 சென்ரிமீற்றர் தள்ளி.

வெற்றுத் தாளிலும் புள்ளி புள்ளியாக, பஞ்சு போல, ஈர மணத்தோடு இருந்தால் பூஞ்சணம். துடைத்தால் பரவும். மற்றப் படங்களிலிருந்து பிரித்து, காற்றோட்டமான நிழலில் உலர விட்டு, காய்ந்த பிறகு முகமூடி போட்டு, வெளியே வைத்து மிருதுவான தூரிகையால் தட்டுங்கள். கறை தங்கிவிடும். விற்க நினைக்காதீர்கள்.

11. மழைக்காலத்தில பேப்பர் சொதசொதக்குது, பென்சிலும் பிடிக்குதில்லை.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை. கடற்கரைப் பக்க வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி வீடுகளில் உப்புக் காற்றும் சேரும். தாளை மூடி இறுக்கமான பிளாஸ்ரிக் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு படுக்கையாக வையுங்கள். அலுமாரியின் அடித்தட்டும் வெளிச்சுவரோடு ஒட்டிய இடமும் ஆகாது. ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் பாவிக்கலாம்.

வரையும்போது கையின் கீழ் ஒரு ட்ரேசிங் தாள் எப்போதும் இருக்க வேண்டும். வியர்வை பட்ட இடத்தில் நிறம் பிடிக்காது, அது கடைசியில்தான் தெரியவரும். தூளைக் கையால் தட்டாமல் தூரிகையால் தட்டுங்கள். மின்விசிறியைத் தாளுக்கு நேரே விடாதீர்கள்.

12. கூர் உடைஞ்சுகொண்டே இருக்கு. கட்டர் பிழையோ?

அலகு மொட்டையாகியிருக்கும், அல்லது பென்சில் கீழே விழுந்து உள்ளே முறிந்திருக்கும். முதலாவதற்குப் புது அலகு. இரண்டாவதற்கு மருந்தில்லை. கட்டரை அசையாமல் பிடித்துப் பென்சிலைச் சுற்றுங்கள். மூன்று அங்குலத்துக்குக் குறைந்த துண்டைப் பென்சில் நீட்டியில் (பிடியை நீளமாக்கும் குழல்) போடலாம், அல்லது அதே நிறப் புதுப் பென்சிலின் பின்முனையில் ஒட்டலாம்.

13. தின்னர் போட்டு மினுக்கலாமோ?

வாசனையற்ற மினரல் ஸ்பிரிட்டைச் சின்னத் தூரிகையில், துடைத்த பிறகு எஞ்சும் அளவே தொட்டுப் பூசலாம். நிறம் கரைந்து பள்ளங்களை நிரப்பும், முதல் மூன்று நாலு பூச்சின் வேலை மிச்சம். 4இல் சொன்ன 300 ஜி.எஸ்.எம் தாள் தாங்கும், கொப்பித் தாள் சுருங்கும். முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. யன்னல் திறந்திருக்க வேண்டும். கடைத் தின்னர், மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய், பேபி ஒயில் எதுவும் வேண்டாம். எண்ணெய்கள் தாளில் ஊறி மஞ்சள் வளையம் விடும்.

14. கண்ணாடி இல்லாமல் பிரேம் போட்டால் காசு மிச்சம்தானே?

தாளில் செய்த வேலைக்குக் கண்ணாடி கட்டாயம். ஆனால் கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. சூட்டில் மெழுகு கண்ணாடியில் ஒட்டும், ஈரம் உள்ளே தேங்கும். படத்தைச் சுற்றிக் கண்ணாடிக்குள் வைக்கும் அமிலமற்ற மவுண்ட் அட்டையின் தடிப்பே அந்த இடைவெளியைத் தரும். படத்தை மேல் ஓரத்தில் மட்டும், அமிலமற்ற நாடாவால் தொங்க விடச் சொல்லுங்கள். பிரேம் கடைகளில் வழக்கமாகப் பின்னால் ஹார்ட்போர்ட்டை நேரே வைத்துவிடுவார்கள். அதன் அமிலம் சில வருடத்தில் தாளைப் பழுப்பாக்கும். இடையில் அமிலமற்ற அட்டை ஒன்றை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். பின்பக்கத்தைத் தாளால் ஒட்டி மூடினால் வெள்ளிப்பூச்சி நுழையாது. கீழ் மூலைகளில் கோர்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே காற்று ஓடும்.

15. என்ன விலை போடுறது? சொன்னா 'பென்சில் படத்துக்கு இவ்வளவோ' எண்டு கேக்கினம்.

மணிக்கூலியில் தொடங்குங்கள். உதாரணத்துக்கு 40 மணி, மணிக்கு 750 ரூபா என்றால் 30,000. பொருட்செலவு 4,000, பிரேம் 6,000. மொத்தம் 40,000. கலரி 40% எடுக்கும் என்றால் 40,000ஐ 0.6ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 66,700. பலர் 40,000க்கு மேல் 40% கூட்டி 56,000 என்று போடுகிறார்கள். கலரி எடுத்த பிறகு கையில் 33,600தான் வரும்.

வீட்டில் ஒரு விலை, கலரியில் ஒரு விலை வைக்காதீர்கள். கொழும்பு சின்ன ஊர், வாங்குபவர்களுக்குள் பேச்சு ஓடும். 'பென்சில் படம்' என்பவருக்கு விளக்கம் சொல்லி வெல்ல முடியாது. அவருக்கு ஏ5 அளவில் ஒற்றை மாம்பழம் காட்டுங்கள்.

16. எங்க விக்கிறது?

தொடங்குபவர்களுக்கு 'கலா பொல'. ஜோர்ஜ் கீற் மன்றம் 1993 முதல் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையோரம் நடத்தும் திறந்தவெளி ஓவியச் சந்தை. வாங்குபவர் நேரே உங்களிடம் வருவார். திறந்தவெளி என்பதால் படங்களுக்கு நிழலும் மழைக்குப் பிளாஸ்ரிக் விரிப்பும் உங்கள் பொறுப்பு. கண்ணாடியில் வெயில் பட்டால் படம் தெரியாது; நிறுத்தும் கோணத்தை வந்ததும் பாருங்கள். லயனல் வென்ட் மண்டபக் கலரியை வாடகைக்கு எடுக்க இருபது படமாவது வேண்டும். 2இல் உள்ள கணக்கைப் போட்டால் அது ஒரு வருட வேலை. நாலைந்து பேர் சேர்ந்து எடுப்பது புத்தி.

17. ஓடர் தந்தவர் வேலை முடிஞ்ச பிறகு 'செம்பை இடப்பக்கம் வைங்கோ' எண்டுறார்.

நிறம் ஏறிய பிறகு நகர்த்த முடியாது என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் சொல்லுங்கள். மூன்று இடத்தில் நிறுத்திச் சம்மதம் வாங்குங்கள்: அடுக்கின் புகைப்படம், கோட்டு வரைபடம், மூன்றில் ஒரு பங்கு நிறம் ஏறிய நிலை. கோட்டு வரைபடத்துக்குச் சம்மதம் வந்த அன்றே பாதிப் பணம். அதற்குப் பின் இடமாற்றம் என்றால் புதுப் படம், புது விலை.

அம்மம்மாவின் செம்பு, அப்பாவின் மணிக்கூடு என்று வருபவர்களிடம் பொருளையே கேளுங்கள். மங்கலான வட்ஸ்அப் படத்தை வைத்துச் செய்தால் செம்பின் நெளிவு தவறும். அதை நாற்பது வருடம் பார்த்தவர் கண்டுபிடித்துவிடுவார்.

18. கனடாவில இருக்கிற ஆளுக்கு எப்படி அனுப்புறது? சுருட்டிக் குழாயில போடலாமோ?

சுருட்டினால் தடித்த பூச்சு ஒன்றோடொன்று உரசும். தட்டையாகவே அனுப்புங்கள், பிரேம் இல்லாமல். படத்தின் மேல் கிளாசின் தாள் (மழமழப்பான மெல்லிய தாள்), இரண்டு பக்கமும் படத்தைவிட 5 சென்ரிமீற்றர் பெரிய அட்டை, இழைகள் குறுக்குமறுக்காக இருக்க, பிறகு பிளாஸ்ரிக் உறை, கடைசியில் வெளிப்பெட்டி. படத்தை உள்ளட்டையில் மூலை உறைகளால் பிடியுங்கள். நாடா நேரே படத்தில் படக் கூடாது.

19. படத்தை வாங்கினவர் தன்ர கடைக் கலண்டரில அடிச்சுப்போட்டார். காசு குடுத்து வாங்கினது அவர்தானே?

அவர் வாங்கியது தாளை. 6இல் சொன்ன பதிப்புரிமை எழுத்தில் கொடுக்காதவரை உங்களிடமே இருக்கும். பற்றுச்சீட்டிலேயே 'பிரதி எடுக்கும் உரிமை ஓவியரிடம்' என்று ஒரு வரி சேர்த்தால் வாய்த்தர்க்கம் குறையும். கலண்டருக்கு வேண்டுமென்றால் தனிக் கட்டணம் பேசலாம்; அதுவும் ஒரு வருமானம்.

20. வித்த படத்தில ரோஸ் கலர் ஆறு வருசத்தில மங்கிப்போச்செண்டு கொண்டுவந்து காட்டுறார். ஆரில பிழை?

வெயில் படும் சுவரில் மாட்டியிருந்தால் அவரிலும் உண்டு. ஆனால் மங்கும் நிறத்தைப் பாவித்தவர் நீங்கள். கலர் பென்சிலின் ஒளித்தாக்குப் பிடிக்கும் திறனுக்கு டி6901 என்ற ஏ.எஸ்.ரி.எம் (தர நிர்ணய அமைப்பு) தரம் இருக்கிறது. லூமினன்ஸின் பெயரோடு வரும் 6901 அதுதான். சில வகைகளில் பென்சிலின் மேலேயே நட்சத்திரம் இருக்கும், மூன்று என்றால் உயர்ந்தது. நல்ல பெட்டியிலும் இளஞ்சிவப்பு, ஊதா சிலது நலிந்தவை. தரம் எதுவும் அச்சிடாத மலிவுப் பெட்டியில் எது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

சோதனை வீட்டிலேயே செய்யலாம். ஒரு தாளில் உங்கள் நிறங்களைப் பட்டையாகப் பூசி, இலக்கம் எழுதி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் அடிக்கும் யன்னல் கண்ணாடியில் மூன்று மாதம் ஒட்டி வையுங்கள். மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் வித்தியாசம் தெரியும் பென்சில்களை விற்பனை வேலைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். வந்தவருக்கு அந்தப் பகுதியை நிலைக்கும் நிறத்தால் இலவசமாகத் திரும்ப ஏற்றிக் கொடுங்கள். ஃபிக்ஸட்டிவ் அடித்த பரப்பிலும் ஓரிரு பூச்சு ஏறும். இனி விற்கும் ஒவ்வொரு படத்துக்கும் பாவித்த பென்சில் இலக்கங்களையும் கடதாசியின் பெயரையும் எழுதி, ஒரு பிரதியைப் பிரேமின் பின்னால் ஒட்டுங்கள், மற்றதை நீங்கள் வைத்திருங்கள்.